குதிரைக்கு இரண்டு போத்தல்

குதிரைகளை மூத்திரம் பெய்ய வைப்பது என் வேலை. எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையடியில் இருந்த பந்தயத் திடலில், ஜெயித்த குதிரையை ஓட்டம் முடிந்ததும் ஒரு தனிக் கொட்டடிக்குக் கொண்டுவருவார்கள். அங்கே அதன் மூத்திரத்தைப் பிடித்து, போத்தலில் அடைத்து, முத்திரை வைத்து, வெளிநாட்டு லேபுக்கு அனுப்புவோம். யாராவது ஸ்டீராய்டோ வேறு ஊக்க மருந்தோ கொடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'லேப் அசிஸ்டன்ட்' என்பேன். பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே பேன் சுற்றுவதைப் பார்ப்பார்.

குதிரையிடம் போய்ப் பெய் என்றால் பெய்யுமா? விசிலடிக்க வேண்டும். புது வைக்கோல் பரப்பி, கதவைச் சாத்தி, நீளக் கம்பின் நுனியில் கிண்ணத்தை மாட்டிக்கொண்டு, குதிரைக்குப் பக்கவாட்டில் நின்று மெல்ல விசிலடிக்க வேண்டும். சில குதிரைகள் உடனே காலை அகட்டும். சில, என்னைப் போல வீம்பு பிடித்தவை, நம்மைக் காக்கவைத்து வேடிக்கை பார்க்கும். சின்ன வயதில் நான் விசிலடித்தால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவார். விசிலடிக்கிற பெண் போன இடம் விளங்காது என்பது அவர் கட்சி. அதே விசிலுக்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை அவர் சாகும்வரை நம்பவே இல்லை.

என் கல்யாணமும் அந்த விசிலால்தான் நடந்தது. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கூடவே கிடக்கும் ஆளை எங்கள் ஊரில் சைஸ் என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைஸ் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் விசிலடித்து விசிலடித்து உதடு காய்ந்துபோனேன். குதிரை அசையவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க விசிலு போலீஸ்காரன் விசிலு மாரி இருக்கு. அது பயப்படுது லா" என்றார் அந்த மனிதர். வந்த கோபத்துக்குக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். காலியாக இருந்ததால் தப்பினார். அவர் உதட்டைக் குவித்து, சின்னதாக இரண்டும் நீளமாக ஒன்றும் அடித்தார். கிண்ணம் நிரம்பிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு திடலில் எனக்கு ஒரு சட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் கொண்டுவரும் குதிரையின் பக்கமே நான் போகக்கூடாது. அவர் குதிரை ஜெயித்து வந்தால் நான் வெளியே போய்விடுவேன், கூட வேலை பார்க்கும் மலாய்க்காரத் தோழி கிண்ணத்தைப் பிடிப்பாள். நியாயமான சட்டம்தான். எனக்கும் அதில் வருத்தம் கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவர் விசிலைக் கேட்பது எனக்குப் பிடிக்கும்.

வயதாக ஆக அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்து குதிரைக் காலுக்குத் துணி சுற்றிச் சுற்றியே தேய்ந்துபோன கால்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். கிளினிக்குக்குப் போகச் சொன்னால் எனக்கென்ன வயசா ஆச்சு என்பார். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை பசாரில் ஒருவன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, காட்டு வேர்களை இடித்துச் செய்தது, மூட்டுவலிக்குக் கைகண்டது என்று தவிட்டு நிற மாத்திரைகள் விற்றுக்கொண்டிருந்தான். போத்தலின் மேல் ஒரு மரத்தின் படம். வாங்கிவந்து சாப்பிட்டார். சில நாளிலேயே சுவரைப் பிடிக்காமல் நடந்தார். ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறி, மேலே நின்று, "என்னம்மா, கெழவி மாரி வர்ற" என்றார். அடிக்கப் போனேன், ஓடினார். அந்தக் காலோடு ஓடினார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த மாத்திரைக்கு எங்கள் வீட்டில் 'வேர்' என்றுதான் பேர். வேர் தீர்ந்துபோச்சு, வேர் வாங்கணும், சாப்பிட்டு வேர் போட்டீங்களா. இஞ்சி, பூண்டு வைத்திருக்கும் தட்டில்தான் அந்தப் போத்தலும் இருக்கும். மருந்தை நாங்கள் வைப்பது அலமாரியில். வருஷம் போகப் போக அவர் முகம் உருண்டு, கன்னம் பளபளவென்று வந்தது. நாங்கள் குடியிருந்த டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வரிசைப் பெண்களெல்லாம் உன் சமையல்தான் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டேன். இந்த வயதில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று அவரைக் கிண்டல் செய்வேன்.

அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு செம்பழுப்புக் குதிரை. வேகம் உண்டு, ஆனால் இடது முன்னங்கால் சரியில்லை. குளிர்ந்த காலைகளில் அந்தக் காலை ஊன்றுவதற்கு யோசிக்கும். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றியேதான் பேச்சு. இன்னைக்கு அவனுக்கு எழும்ப முடியல, இன்னைக்கு அவன் சரியா சாப்பிடல. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இத்தனை பேச்சு வந்ததில்லை. அந்தக் குதிரையையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். அதுக்கு வாய் இல்லையே, நமக்குத்தான் வாய் இருக்கே என்றார். அந்தப் பதில் எனக்குப் போட்ட குத்து என்று அப்போது நினைத்தேன்.

யாரும் எதிர்பார்க்காத ஒரு ஓட்டத்தில் அந்தக் குதிரை முதலாவதாக வந்தது. வழக்கம்போல நான் வெளியே போனேன், தோழி உள்ளே போனாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. விசில் முடிவதற்குள் கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்டது. அந்த மூத்திரத்தை இரண்டு போத்தலில் பிரித்து ஊற்றி, குதிரையைப் பிடித்து நிற்பவர் கண்ணெதிரிலேயே முத்திரை வைக்க வேண்டும். ஒரு போத்தல் சோதனைக்கு. மற்றது, முதல் முடிவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பதற்கு. அவர் இரண்டையும் பார்த்துத் தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். வேண்டுமென்றே மருந்து கொடுத்த ஒருவன் இத்தனை ஆசையாக விசிலடித்துத் தானே மாட்டிக்கொள்வானா? இதை நான் அப்புறம் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஸ்டீராய்டு இருக்கிறது. வலியையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும் வகை. நொண்டுகிற குதிரையும் நொண்டாமல் ஓடிவிடும். இரண்டாவது போத்தலையும் திறந்து பார்த்தார்கள். அதிலும் அதேதான்.

விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. குதிரைக்கு ஏதாவது ஓபாட் கொடுத்தாயா என்று கேட்டார்கள். ஓபாட் என்றால் மருந்து. "தா அடா ஓபாட், துவான்" என்றார் என் வீட்டுக்காரர், மருந்து எதுவும் இல்லை ஐயா என்று. ஊசி? இல்லை. மாத்திரை? மிருக டாக்டர் கொடுத்தது எதுவும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இரண்டு போத்தல் ஒன்று சொல்ல, மனிதன் வேறொன்று சொன்னால் யாரை நம்புவார்கள்? குதிரையின் வெற்றியைப் பறித்து, கொஞ்ச காலம் அது ஓடக்கூடாது என்று தடையும் போட்டார்கள். இவரைக் கொட்டடிப் பக்கமே வரக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். மருந்து கொடுத்ததைவிட, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதற்காகத்தான் இத்தனை கடுமை என்று தோழி வந்து சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொல்ல ஒழுங்காகத் தெரியாத மனிதர். சீட்டு விளையாடினால் நல்ல சீட்டு வந்ததுமே காது ஆடும். அவரைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார்களே! வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்து நான் ஒரு விசாரணை நடத்தினேன்.

"மருந்து குடுக்கலன்னு சொன்னீங்க. சரி, நான் நம்பறேன். வேற என்னாதான் குடுத்தீங்க?"

"வேற என்னா குடுப்பேன்? கேரட்டு. வாழப்பழம். காலு இழுக்கற அன்னைக்கு என் வேர்ல கொஞ்சம்."

"எந்த வேரு?"

"நான் சாப்பிடற வேருதான். எனக்குக் கேட்டுச்சுல்ல? அதுக்கும் கேக்கும்னு பழத்துக்குள்ள வச்சுக் குடுத்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா? வேருதானே அது?"

நான் இஞ்சி, பூண்டு இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து தட்டிலிருந்த போத்தலை எடுத்து, அந்த மரத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கக்கூசுக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நான் குடுத்தா எதையும் மோந்துகூடப் பாக்காதுமா. வாயத் தொறந்துடும்."

அவர் அழுததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அவன் பேரைக் கெடுத்த சாமான் எனக்கு எதுக்கு, இனிமே அதைத் தொட மாட்டேன் என்றார். விரதம் எடுப்பதுபோலச் சொன்னார். எடுத்தால் எடுத்ததுதான், அப்படிப்பட்ட ஆள்.

கீழே சிந்திக் கிடந்த சில மாத்திரைகளை நான் பொறுக்கினேன். வீட்டில் இருந்த ஒரு சுத்தமான போத்தலில் போட்டு மூடி, டேப் சுற்றி, தொழில் புத்தி, மேலே தேதியும் எழுதினேன். மறுநாள் தோழியிடம் கொடுத்து, குதிரைக்கு இவர் கொடுத்தது இதுதான், டாக்டரிடம் சேர்த்துவிடு, இதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல் என்றேன். எங்கள் கொட்டடிக்கு மேலதிகாரி ஒரு சீன மிருக டாக்டரம்மா. அவர் ஊரில் இல்லை, ஆனாலும் தோழி போத்தலை முறைப்படி லேபுக்கு அனுப்பிவைத்தாள். ரிசல்ட் வரட்டும், உங்களைப் பொய்யன் என்று சொன்ன வாயெல்லாம் அடைத்துப்போகும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தினமும் காலையில், வந்துச்சா என்று கேட்பார்.

நாலைந்து நாளில் முழங்கால் வலி திரும்பி வந்தது. அது தெரிந்ததுதான். ஆனால் கூடவே சாப்பாடும் இறங்கவில்லை. ரசம் சாதம்கூட ஓங்கரித்தது. உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். உருண்ட முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றியது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் மனசுதான், அவமானம்தான், குதிரையைப் பிரிந்த ஏக்கம்தான் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எப்படிப் படும்? வேலையும் போய், பேரும் போய், ஆசையாக வளர்த்ததும் போய்விட்டால் எந்த மனிதன் எழுந்து நிற்பான்?

ஒரு நாள் காலை குளிக்கப் போனவர் கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் எங்கள் மகள் பாலம் தாண்டி வருவதற்குள், பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், என்னைப் பதிவு செய்யும் கவுண்டருக்கு அனுப்பினார்கள். நான் அடையாள அட்டையைக் காட்டி, வீட்டு விலாசம் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உள்ளே ஒரு நர்ஸ் அவரைக் கேட்டிருக்கிறாள், தினமும் ஏதாவது ஓபாட் சாப்பிடுகிறீர்களா என்று. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"தா அடா ஓபாட்" என்றாராம்.

குரல் தெளிவாகவே இருந்தது என்று அந்தப் பெண் அப்புறம் என்னிடம் சொன்னாள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. சர்க்கரை இறங்கியது. கிருமியாக இருக்கும், ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கும் என்று தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் ஏற்றினார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, வந்துச்சா என்றார். எனக்குப் புரியாமல் மகளைக் கேட்கிறார் என்று நினைத்து, வந்துவிட்டாள், இதோ நிற்கிறாள் என்றேன். மறுநாள் பகலில் போய்விட்டார்.

கருமாதி முடிந்த பிறகு டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். கையில் பழங்கள் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உட்கார்ந்ததும், மாத்திரையின் முடிவு வந்துவிட்டது என்றார். அதற்குள் வேர் இருந்ததோ இல்லையோ, குதிரையிடம் கண்டுபிடித்த அதே ஸ்டீராய்டு அத்தனை மாத்திரையிலும் இருந்தது. விற்றவன் வேர்ப்பொடியோடு கலந்திருக்கிறான். உன் கணவர் பொய் சொல்லவில்லை, அறியாமல் நடந்தது என்று விசாரணைக்காரர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. படத்தைத் திரும்பிப் பார்த்து, வந்துருச்சுங்க என்றேன்.

காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, பேச்சுவாக்கில்தான் கேட்டார், குதிரைக்குக் கொடுப்பதற்கென்றே இதை வாங்கினாரா என்று. அவர் சாப்பிடுவதற்கு வாங்கியது, பல வருஷமாகத் தினமும் சாப்பிட்டார் என்றேன். டாக்டரம்மா கப்பைக் கீழே வைத்தார். கடைசி நாள்வரை சாப்பிட்டாரா? இல்லை, குதிரைக்குக் கெடுதல் என்று தெரிந்த அன்றே கொட்டிவிட்டார். வாந்தி இருந்ததா? இருந்தது. எழுந்தால் தலை சுற்றியதா? சுற்றியது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அந்த ஸ்டீராய்டு போன்ற ஒரு சத்தை நம் உடம்பே தினமும் சுரக்கும். வெளியிலிருந்து வருஷக்கணக்காக வந்தால் உடம்பு சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளே ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்திருக்க வேண்டும். மாத்திரையைச் சாப்பிட்டது ஒரு மனிதரும்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். அந்த அம்மாவும் அழுதார்.

மனசு ஒடிந்து செத்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி அழுதிருந்தேன். மனசெல்லாம் ஒடியவில்லை. குதிரைக்காக ஒரு விரதம் எடுத்தார், அந்த விரதம் கொன்றுவிட்டது. கால் இழுத்த குதிரைக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க இரண்டு போத்தல், இரண்டு முத்திரை, வெளிநாட்டு லேப். அதே மாத்திரையை அதைவிட எத்தனையோ மடங்கு தின்ற மனிதனுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கும் அவர் உண்மையைத்தான் சொன்னார். மருந்து இல்லை, வேர், அதையும் விட்டாயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்த மைக்குக்காரனைத் திட்டுவேன். பசாரில் தேடிப் போனேன், ஆள் இல்லை. அந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள்.

மறுபடி வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் படத்தோடு சண்டை போடவேண்டியிருந்தது. அந்தக் குதிரைக்கும் தடை முடிந்து, ஓடவிட்டார்கள். கால் அதேதான், வலியோடுதான் ஓடியது, எத்தனையாவதாக வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒருமுறை மாட்டிய குதிரை என்பதால் அதைச் சோதிக்கச் சொல்லிக் கொட்டடிக்கு அனுப்பினார்கள். கெப்பாலா பத்தாஸிலிருந்து வரும் ஒரு புது சைஸ் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பழக்கதோஷத்தில் கம்பைத் தோழியிடம் நீட்டிவிட்டு வெளியே போக எழுந்தேன். அவள் கம்பை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சட்டம் இனி எனக்குக் கிடையாது. இது என் வீட்டுக்காரர் கொண்டுவந்த குதிரை இல்லை.

உள்ளே போனேன். இத்தனை வருஷத்தில் அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். புது சைஸ் விசிலடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. நான் என் போலீஸ்காரன் விசிலை அடித்தேன், காதை மட்டும் ஆட்டியது. அண்ணி, ரொம்ப நேரமா இப்படித்தான், யாருக்கும் குடுக்க மாட்டேங்குது என்றார் அவர். எனக்குத் தெரியும் எந்த விசில் என்று. உதட்டைக் குவித்தேன், காற்றுதான் வந்தது. அழுதுகொண்டே விசிலடிக்க முடியாது. வேண்டுமானால் முயற்சி செய்து பாருங்கள், உதடு கோணிக்கொள்ளும், சத்தம் வராது. முந்தானையால் முகத்தைத் துடைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அழுகையை நிறுத்தினேன்.

சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

குதிரை என் பக்கம் திரும்பவில்லை. கழுத்தை நீட்டி, சாத்தியிருந்த கதவைப் பார்த்தது. அதைப் பார்த்தபடியே காலை அகட்டியது. கிண்ணம் கனத்துக்கொண்டே வந்தது, நிரம்பிய பிறகும் அது கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.